ரத்தம் உறைய எத்தனை விநாடி?

“ஏய்யா, போன மாசம் மூணுன்னு போட்டிருந்திய. இந்த மாசம் நாலேமுக்காலா? மாத்திரைய ஒரு நாளும் விடலியே. கூடவும் திங்கலியே!”

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மாதம் ஒருமுறை கல்லிடைக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி வரும் பெரியம்மா கேட்டது இது. இருபது வருஷத்துக்கு முன்னால் திருவனந்தபுரத்தில் இதய வால்வு மாற்றிக்கொண்டவர். சின்ன வயதில் தொண்டை வலியில் தொடங்கி, முழங்காலையும் கணுக்காலையும் மாற்றி மாற்றி வீங்கவைத்துவிட்டுப் போனது ருமாட்டிக் காய்ச்சல். போனது என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அது இதயத்தின் இடப்பக்கத்து மைட்ரல் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டிருந்த விஷயம், இரண்டாவது பிரசவத்தில் மூச்சு வாங்கியபோதுதான் வெளியே தெரிந்தது.

இப்போது அவர் நெஞ்சுக்குள் இருப்பது உலோக வளையத்துக்குள் சாய்ந்து சாய்ந்து திறக்கும் ஒரு பிளாஸ்டிக் வட்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990இல் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு. நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் அதுதான். ராத்திரி கரண்ட் போய் மின்விசிறி நின்றால் பக்கத்தில் படுத்திருக்கும் பேத்திக்கு அதன் டிக் டிக் சத்தம் கேட்குமாம்.

வால்வு நன்றாக உழைக்கும். ஆனால் ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். அதன் மூலை முடுக்கில் ரத்தம் கொஞ்சம் தேங்கினாலும் கட்டியாக உறையப் பார்க்கும். கட்டி வட்டை அசையவிடாமல் செய்யலாம். பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரை போட்டாக வேண்டும். வார்ஃபரின் அல்லது அசினோகூமரால். குறைந்தால் கட்டி, கூடினால் கசிவு. இரண்டுக்கும் நடுவே உள்ள பாதை ஒற்றையடிப் பாதைதான். அந்தப் பாதையில் ஆள் எங்கே நிற்கிறார் என்று சொல்வதுதான் பிடி-ஐஎன்ஆர் என்ற பரிசோதனை. பெரியம்மாவுக்கு இருக்கவேண்டியது 2.5 முதல் 3.5 வரை.

அவர் கேள்விக்கு வருவதற்கு முன் மாத்திரை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். பலரும் இதை ‘ரத்தத்தைத் தண்ணியாக்கும் மாத்திரை’ என்கிறார்கள். ரத்தம் தண்ணீர் ஆவதில்லை. அதன் அடர்த்தியை இந்த மாத்திரை தொடுவதே இல்லை. சொல்லப்போனால் அது வேலை செய்யும் இடம் ரத்தமே அல்ல, கல்லீரல்.

ரத்தம் உறையத் தேவையான புரதங்களைப் பெரும்பாலும் கல்லீரல்தான் செய்து அனுப்புகிறது. அவற்றில் நான்குக்கு (எண் 2, 7, 9, 10) ஒரு கடைசி வேலைப்பாடு உண்டு. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி மாட்டவேண்டும். கொக்கி இல்லாத புரதமும் ரத்தத்தில் சுற்றும், ஆனால் காயம் பட்ட இடத்தில் ஒட்டி நின்று வேலை செய்யாது. கொக்கி மாட்டும் வேலைக்குத் துணை வைட்டமின் கே.

பழைய கோலி சோடாக் கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள். புதுப் பாட்டில் கொஞ்சம்தான் வரும். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த காலிப் பாட்டிலைக் கழுவி, நிரப்பி, மறுபடி கடைக்கு அனுப்பித்தான் தொழில் ஓடும். வைட்டமின் கே அந்தப் பாட்டில். ஒரு கொக்கி மாட்டி முடித்ததும் அது ‘காலி’யாகிவிடும். அதைக் கழுவி மீண்டும் உபயோகத்துக்குக் கொண்டுவரும் நொதி ஒன்று கல்லீரலில் இருக்கிறது. வார்ஃபரின் அந்தக் கழுவும் தொட்டியைப் பூட்டிவிடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. காலிப் பாட்டில்கள் குவியும், கம்பெனி பாதி வேகத்தில் ஓடும்.

முருங்கைக்கீரை கதையும் இதிலேயே இருக்கிறது. கரும்பச்சைக் கீரை எதிலும் வைட்டமின் கே நிறைய. கீரை சாப்பிடுவது என்றால் வெளியிலிருந்து லாரியில் புதுப் பாட்டில் வந்து இறங்குவது மாதிரி. தொட்டி பூட்டிக் கிடந்தாலும் சோடா ஓடும், ஐஎன்ஆர் இறங்கும். யாரோ சொன்னதைக் கேட்டு, பின்கட்டில் முருங்கை மரத்தை வைத்துக்கொண்டே பல வருஷம் கீரையைத் தொடாமல் இருந்தவர் நம் பெரியம்மா. கூட்டாஞ்சோற்றில்கூட கீரை போடமாட்டார். கீரை போடாத கூட்டாஞ்சோறு என்ன கூட்டாஞ்சோறு? மருத்துவர்கள் இப்போது கேட்பது கீரையை விடச் சொல்லி அல்ல, ஒரே அளவாகச் சாப்பிடச் சொல்லித்தான். அடியோடு விட்டவர்களுக்கு உடம்பில் கையிருப்பு இல்லாததால், என்றைக்காவது ஒரு நாள் சாப்பிட்டாலும், நாலு நாள் பசியில்லாமல் கிடந்தாலும் எண் தாறுமாறாக ஆடும். வாரத்துக்கு இரண்டு நாள் கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். மாத்திரையின் அளவு அதற்கேற்ப அமைந்துகொள்ளும்.

இந்த மருந்து முதலில் அகப்பட்டது மாட்டுத் தொழுவத்தில். 1920களில் கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளிகளிலும் மாடுகள் காரணம் தெரியாமல் ரத்தம் கசிந்து செத்தன. கொம்பு சீவிய சின்னக் காயம்கூட நிற்கவில்லை. இனிப்புத் தீவனப்புல் ஒன்று பூஞ்சை பிடித்து ஊசிப்போனால்தான் இது நேர்கிறது என்று கால்நடை மருத்துவர்கள் கண்டார்கள். 1933 பிப்ரவரியில், பனிப்புயலுக்கு நடுவே, விஸ்கான்சின் விவசாயி ஒருவர் செத்த கன்றையும், ஊசிப்போன புல்லையும், உறையவே உறையாத ரத்தம் ஒரு பால் கேன் நிறையவும் ஏற்றிக்கொண்டு கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றார். ஆறு வருஷம் கழித்து 1939இல் அந்தப் புல்லிலிருந்து, ரத்தத்தை உறையவிடாத டைகூமரால் என்ற பொருள் பிரிக்கப்பட்டது. அதன் வழி வந்த வார்ஃபரின் 1948இல் சந்தைக்கு வந்ததோ எலி மருந்தாக! மனிதர்களுக்கான மருந்தாக அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1954இல். மறு வருஷம் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே கொடுத்தார்கள். ‘எலி மருந்தையா எனக்குத் தாரிய’ என்று கேட்பவர்களிடம் நான் ஆமாம் என்றுதான் சொல்வேன். விஷமும் மருந்தும் அளவில்தான் பிரிகின்றன. அளவைப் பார்க்கத்தான் நாங்கள் ஊசியோடு உட்கார்ந்திருக்கிறோம்.

இனி எங்கள் பக்கம். இந்தப் பரிசோதனைக்கு நீல மூடி டியூப். உள்ளே 0.3 மில்லி சிட்ரேட் திரவம் இருக்கும், ரத்தம் 2.7 மில்லி எடுக்கவேண்டும். ஒன்றுக்கு ஒன்பது. சிட்ரேட் ரத்தத்திலுள்ள கால்சியத்தைக் கட்டிப்போடும். கால்சியம் இல்லாமல் கொக்கிக்கு வேலையில்லை, ஆகவே டியூபில் ரத்தம் உறையாது. எந்திரத்தில் சுழற்றினால் சிவப்பு அணுக்கள் அடியில் தங்கி, மேலே இளமஞ்சள் பிளாஸ்மா நிற்கும். அதை 37 டிகிரியில் வைத்து, உறைதலைத் தூண்டும் துரோம்போபிளாஸ்டினையும் கால்சியத்தையும் சேர்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்போம். சாதாரணமாக 11, 12, 13 விநாடியில் பிளாஸ்மா இறுகும். மாத்திரை போடுகிறவருக்கு இருபதைத் தாண்டும். 1935இல் அர்மண்ட் குவிக் வகுத்த முறை இது. எந்திரம் மாறியிருக்கிறது, அடிப்படை மாறவில்லை.

சிக்கல் துரோம்போபிளாஸ்டினில் இருந்தது. முயல் மூளையிலிருந்தும் பிற திசுக்களிலிருந்தும் எடுத்தார்கள்; ஒவ்வொரு தயாரிப்பும் ஒவ்வொரு வேகம். ஒரே ஆளின் ரத்தம் ஒரு கூடத்தில் இருபது விநாடி, இன்னொன்றில் முப்பது. இதில் பெரிய விபரீதமும் நடந்தது. அமெரிக்காவில் புழங்கிய முயல் மூளைத் தயாரிப்பு மந்தமானது, மருந்தின் விளைவைக் குறைத்துக் காட்டியது. அங்கே மருத்துவர்கள் இங்கிலாந்தைவிடக் கூடுதலாக மருந்து கொடுத்தார்கள், ரத்தக் கசிவும் கூடுதலாக இருந்தது. பல வருஷம்! 1983இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு கணக்கு கொண்டுவந்தது. நோயாளியின் விநாடியைச் சராசரி ஆளின் விநாடியால் வகுக்கவேண்டும். வந்ததை அந்தத் தயாரிப்புக்கென்று குறித்திருக்கும் ஐஎஸ்ஐ என்ற எண்ணின் அடுக்குக்கு உயர்த்தவேண்டும். 26ஐ 13ஆல் வகுத்தால் 2. ஐஎஸ்ஐ 1 என்றால் ஐஎன்ஆரும் 2. ஐஎஸ்ஐ 1.4 என்றால் அதே விநாடிக்கு ஐஎன்ஆர் 2.6. துரோம்போபிளாஸ்டின் பெட்டி மாறும்போது எந்திரத்தில் அந்த ஐஎஸ்ஐ எண்ணை மாற்ற மறந்தால், அன்றைக்கு வந்த அத்தனை பேருக்கும் தப்பான மாத்திரை அளவு.

அதைவிடச் சர்வசாதாரணமான தவறு ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே செய்திருக்கிறேன். நரம்பு அகப்படாத வயதானவர்களுக்கு ரத்தம் பாதியோடு நின்றுவிடும். ‘சரி, இவ்வளவு போதும்’ என்று மூடிவிடுவோம். சர்க்கரைக்குப் போதும். நீல மூடிக்குப் போதாது. ரத்தம் பாதி, சிட்ரேட் முழுசு. மிஞ்சிய சிட்ரேட், நாங்கள் பிறகு சேர்க்கும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். உறையத் தாமதமாகும், எண் பொய்யாக ஏறும். மருத்துவர் மாத்திரையைக் குறைப்பார், ரத்தம் உண்மையில் சரியாக இருந்த ஒருவருக்கு வால்வில் கட்டி பிடிக்க வழி திறக்கும். இப்போது கோட்டுக்குக் கீழே நின்ற டியூபை நான் ஓட்டுவதில்லை. மறுபடி குத்துவேன். திட்டு வாங்குவேன்.

பெரியம்மாவின் டியூப் கோடு வரை நின்றது. இரண்டாம் முறை ஓட்டியும் 4.7. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“போன வாரம் வயித்துப்போக்குல்லா. பக்கத்து மெடிக்கல்ல அஞ்சு நாளைக்கு மாத்திரை வாங்கித் தின்னேன். அது சும்மா வயித்து மாத்திரதானய்யா.”

பையிலிருந்து எடுத்த காலி அட்டையில் மெட்ரோனிடசோல் என்று இருந்தது. அது உடம்பில் வார்ஃபரின் வகை மருந்துகளின் அளவை ஏற்றிவிடும். போதாக்குறைக்கு அந்த ஐந்து நாளும் அவர் சாப்பிட்டது கஞ்சியும் மோரும். புதுப் பாட்டில் வரத்தும் நின்றுவிட்டது. மாத்திரை அவர் சொன்னபடி அதேதான். அது ஓடிய களம்தான் மாறிவிட்டது.

இந்தப் பட்டியல் நீளம். படர்தாமரைக்கு வாங்கும் ஃப்ளூகோனசோல், இந்த மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுத்து எண்ணை ஏற்றும். கோ-டிரைமாக்சசோலும் ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறு. அந்த நொதியை முடுக்கிவிட்டு எண்ணை இறக்கும். ஆறு மாதம் கழித்து அதை நிறுத்தும்போது எண் திடுமென்று ஏறும். எனக்கு அதிகப் பயம் முழங்கால் வலி மாத்திரைகளிடம்தான். டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கும், ரத்தத் தட்டணுக்களையும் செயலிழக்க வைக்கும். தட்டணுவை எங்கள் பரிசோதனை பார்ப்பதே இல்லை. ரிப்போர்ட்டில் 3 என்று அழகாக இருக்கும்போதே குடலில் ரத்தம் கசியும்.

மருந்துக்கடையில் நிற்பவர் ‘வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுதியளா?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. நோயாளிக்கு விளக்கிச் சொல்வது பார்மசிஸ்டின் கடமை என்று 2015ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில்முறை ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. சாயங்காலக் கூட்டத்தில் பில் போடவே நேரமில்லை என்பது அவர்கள் பக்கத்து நியாயம். இன்னொரு தொல்லை, அட்டை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வார்ஃபரின் மாத்திரையின் நிறம் பார்த்தே எத்தனை மில்லிகிராம் என்று சொல்லலாம். எந்தக் கம்பெனி செய்தாலும் அளவுக்கு ஒரு நிறம். இங்கே கம்பெனி மாறினால் நிறமும் மாறலாம். ‘அதேதாம்மா, வேற கம்பெனி’ என்று 1 மில்லிகிராமுக்குப் பதில் 2 மில்லிகிராம் வந்தால், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

இத்தனை பாடு எதற்கு, பரிசோதனையே வேண்டாத புது மாத்திரைகள் இருக்கின்றனவே என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். இருக்கின்றன. வேறு காரணத்துக்காக ரத்த உறைவைத் தடுக்கவேண்டிய பலருக்கு அவை நல்ல மருந்துகள். உலோக வால்வுக்கு மட்டும் ஒத்துவரவில்லை. டாபிகாட்ரான் என்ற புது மாத்திரையை வால்வு நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2012இல் பாதியில் நிறுத்தப்பட்டது. கட்டியும் கூடுதல், கசிவும் கூடுதல். அபிக்சபான் என்ற இன்னொன்றை வைத்துச் செய்த ஆய்வும் 2022இல் பாதியில் நின்றது. அங்கேயும் கட்டி கூடுதல். ருமாட்டிக் இதய நோயோடு துடிப்பும் தாறுமாறான நோயாளிகளிடம், ரிவரோக்சபான் என்ற புது மாத்திரையைவிடப் பழைய மாத்திரைதான் உயிரைக் காத்தது என்று அதே 2022இல் இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. கோடிகளைக் கொட்டிய புது மருந்துகள் தோற்ற இடத்தில், ஊசிப்போன புல்லில் பிறந்தது இன்னும் நிற்கிறது.

பெரியம்மாவிடம் ரத்தக் கசிவு எதுவும் இல்லை. நான் போன் போட்டுச் சொன்னதும் அவருடைய மருத்துவர் ஒரு வேளை மாத்திரையை விடச் சொன்னார், நான்கு நாள் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார்.

“நாளைக்கே வந்திரட்டுமா?” என்றார் பெரியம்மா.

நாளைக்கு வந்து பயனில்லை. ஏற்கெனவே ரத்தத்தில் சுற்றும் புரதங்கள் தீரவும் புதியவை சேரவும் நேரமாகும். ஏழாம் எண் புரதம் ஆறு மணி நேரத்தில் பாதியாகும்; இரண்டாம் எண்ணுக்கு இரண்டரை நாள் பிடிக்கும். இன்றைய ஐஎன்ஆர், முந்தாநாள் போட்ட மாத்திரைக்கும் சேர்த்து வந்த பதில்.

ஐந்தாம் நாள் காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். வலக்கையில் நரம்பு சிக்கவில்லை, இடக்கையில் குத்தவேண்டியதாயிற்று. டியூப் கோடு வரை நிறைந்தது. 3.1. ஐஎன்ஆர் எழுதும் சின்ன நோட்டில் தேதிக்குப் பக்கத்தில், பேத்தியின் கையெழுத்தில், ‘வயித்து மாத்திரை 5 நாள்’ என்று எழுதி, அந்தக் காலி அட்டையையும் ஊக்கு குத்தி வைத்திருந்தார்.