ஹோம்ஸ்கூல் பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம்: ஒன்பதாம் வகுப்பிலேயே யோசிக்க வேண்டியவை

டாலஸ் வட்டாரத்தில் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகராக வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைப்பவர்கள் அபூர்வம். கொரோனா அதை மாற்றிவிட்டது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் கணிப்புப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் 2020 வசந்த காலத்தில் 5.4 சதவீதம் ஹோம்ஸ்கூல் செய்தன. அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் அது 11.1 சதவீதம். பள்ளிகள் திறந்ததும் பலர் திரும்பிப் போய்விட்டார்கள். சபைகளுக்குப் போகும் குடும்பங்களில் ஒரு பகுதியினர் மட்டும், 'இதுவே நன்றாக இருக்கிறதே' என்று தொடர்ந்தார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் எட்டாம் வகுப்புவரை பிரமாதமாகச் செய்கிறார்கள். அபேகா, பிஜேயு பிரஸ், சோன்லைட் என்று ஏதாவது ஒரு கிறிஸ்தவப் பாடத்திட்டம், காலையில் வேதபாடம், வாரம் ஒருநாள் கோ-ஆப், அதாவது சில குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் வகுப்பு. பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்கள், பெரியவர்களிடம் தெளிவாகப் பேசுகிறார்கள். சிக்கல் பன்னிரண்டாம் வகுப்பு ஆகஸ்ட் மாதத்தில் தெரியவருகிறது. ஒரு அம்மா என்னிடம் நீட்டிய டிரான்ஸ்கிரிப்ட், அதாவது உயர்நிலைப் பள்ளி மதிப்பெண் பட்டியல், ஒரே ஒரு தாள். கணிதம் 100, ஆங்கிலம் 100, வேதியியல் 100, வேதபாடம் 100. கீழே அம்மாவின் கையெழுத்து. "அவன் நிஜமாகவே நூறு வாங்குகிறவன்தான் பிரதர்" என்றார். பையனிடம் அரை மணி நேரம் பேசினேன், அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த அரை மணி நேரம் சேர்க்கை அலுவலருக்குக் கிடைக்காது. அவர் கையில் இருப்பது அந்தத் தாள் மட்டும்.

ஹோம்ஸ்கூல் குடும்பங்களுக்கென்று இன்று வசதிகள் ஏராளம். எதை எடுப்பது, எதை விடுவது என்று கேட்பவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன்: வீட்டில் நீங்கள் போட்ட மதிப்பெண்ணை வீட்டுக்கு வெளியே உள்ள யாராவது ஆமோதிக்க இது உதவுமா? உதவும் என்றால் பணமும் நேரமும் செலவழியுங்கள்.

முதலில் சட்டம். டெக்சஸில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1994-இல் லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் வீட்டுப்பள்ளியைத் தனியார் பள்ளியாகவே ஏற்றுக்கொண்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகிய ஐந்தும் எழுத்து வடிவப் பாடத்திட்டத்தோடு உண்மையாகக் கற்பிக்கப்பட வேண்டும். அவ்வளவுதான். பதிவும் இல்லை, ஆண்டுத் தேர்வும் இல்லை. நியூயார்க்கில் கதையே வேறு: ஆண்டுத் தொடக்கத்தில் கல்வித் திட்டம், காலாண்டு அறிக்கைகள், ஆண்டிறுதி மதிப்பீடு எல்லாம் கொடுக்க வேண்டும். பென்சில்வேனியாவில் ஆண்டுதோறும் தகுதியுள்ள ஒரு மதிப்பீட்டாளர் பிள்ளையின் கோப்பைப் பார்த்துச் சான்று தர வேண்டும். மாநிலம் மாறிப் போகிறவர்கள் வீடு பார்க்கும்போதே இதையும் பார்த்துவிடுங்கள். 1983-இல் தொடங்கிய எச்எஸ்எல்டிஏ என்ற கிறிஸ்தவச் சட்ட உதவி அமைப்பு மாநில வாரியாக விதிகளைத் தொகுத்து வைத்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், கெடுபிடியான மாநிலத்துப் பெற்றோர் கல்லூரி நேரத்தில் திணறுவது குறைவு. கேட்டதால் எழுதி வைத்திருப்பார்கள். டெக்சஸில் யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் எழுதுவதும் இல்லை.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் நாலைந்து வரி எழுதி வையுங்கள். என்ன புத்தகம், எத்தனை செய்முறை, அவற்றை எங்கே செய்தான், யார் மேற்பார்வை, தேர்வு எப்படி, மதிப்பெண் எதை வைத்து. முழு ஆண்டுப் பாடத்துக்கு ஒரு கிரெடிட், அதாவது ஒரு பாட அலகு, என்பது வழக்கம். சுமார் 120 முதல் 180 மணி நேரப் படிப்பை அதற்குக் கணக்கு வைக்கிறார்கள். வேதபாடத்தை விருப்பப் பாடமாகத் தாராளமாகக் காட்டலாம், அதை மறைக்க அவசியமில்லை. 'வேதபாடம்' என்று மட்டும் போடாமல், 'பழைய ஏற்பாட்டு வரலாறு, இரண்டு ஆய்வுக் கட்டுரைகளுடன்' என்பது போல எழுதினால் அதில் படிப்பு இருப்பது தெரியும்.

பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளம் வழியாகப் போனால், அம்மாவோ அப்பாவோ பள்ளியின் மாணவர் ஆலோசகராக (கவுன்சிலராக) கணக்குத் திறந்து டிரான்ஸ்கிரிப்ட், பள்ளியைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு, கவுன்சிலர் கடிதம் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். அந்தக் கடிதத்தில், "எங்கள் மகள் தேவன் தந்த ஈவு" என்று தொடங்குகிறவர்கள் உண்டு. பாசம் புரிகிறது. ஆனால் கல்லூரிக்காரர்கள் தேடுவது, எந்தப் பாடத்தில் அவள் எதை விடாப்பிடியாகச் செய்தாள் என்பதை.

அப்புறம் வெளித் தேர்வுகள். எஸ்ஏடி, ஏசிடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுகளில் ஒன்று வேண்டுமா என்று இன்னும் கேட்கிறார்கள். ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கு வேண்டும், தேர்வை மாணவரின் விருப்பத்துக்கு விட்ட கல்லூரியானாலும். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் 2025 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து மீண்டும் கட்டாயமாக்கிவிட்டது. கிறிஸ்தவ வட்டாரங்களில் இப்போது பேசப்படும் கிளாசிக் லேர்னிங் டெஸ்டை, அதாவது சிஎல்டியை, பல கிறிஸ்தவக் கல்லூரிகள் ஏற்கின்றன. 2023-இல் ஃபுளோரிடா அரசுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கத் தொடங்கின. பழைய இலக்கியமும் தத்துவமும் வாசித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பொருத்தமான தேர்வுதான். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

அதிகம் பேர் தவறவிடுவது எஸ்ஏடிக்கு முன்னோட்டமான பிஎஸ்ஏடி தேர்வு. நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கு, வழக்கமாக நாலாண்டு உயர்நிலைப் படிப்பு படிக்கும் பிள்ளைக்கு, பதினோராம் வகுப்பு அக்டோபரில் எழுதுவதுதான் கணக்கில் சேரும். இதற்கு நீங்களாக இணையத்தில் பதிவு செய்ய முடியாது; பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு பள்ளி தன் மாணவரோடு உங்கள் பிள்ளையையும் உட்கார வைக்கச் சம்மதிக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு முன்பே கேட்டு வையுங்கள். நம்மவர்கள் அதிகம் போகும் டாலஸ் டெக்சஸ் பல்கலைக்கழகம் உட்பட சில கல்லூரிகள் நேஷனல் மெரிட் பிள்ளைகளுக்குப் பெரிய சலுகை தருகின்றன. பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடத்தில் எழுதும் ஏபி தேர்வுக்கும் இதே கதைதான். தேர்வு மே மாதம், ஆனால் பள்ளிகள் நவம்பர் நடுவிலேயே வினாத்தாள் எண்ணிக்கையைச் சொல்லிவிட வேண்டும். ஜனவரியில் போய்க் கேட்டால் கை விரிப்பார்கள்.

கம்யூனிட்டி கல்லூரி என்ற உள்ளூர் ஈராண்டுக் கல்லூரியில் பதினாறு வயதிலேயே பாடம் எடுத்து, பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்கு வைக்கும் டூயல் கிரெடிட், என் பார்வையில் ஹோம்ஸ்கூல் குடும்பத்துக்குக் கிடைக்கும் மிக உறுதியான சான்று. முன்பின் தெரியாத பேராசிரியர், வகுப்பில் இருபது பேர், கடைசியில் ஒரு கிரேடு. டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் இதற்கு டிஎஸ்ஐ என்ற தகுதித் தேர்வு உண்டு, எஸ்ஏடி மதிப்பெண் போதுமான அளவு இருந்தால் விலக்கு. கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் பலவும் குறைந்த கட்டணத்தில் இணையவழி டூயல் கிரெடிட் நடத்துகின்றன.

டாக்டர் கனவுள்ள வீடுகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதினாறு வயதில் கல்லூரி வேதியியலில் வாங்கிய சி கிரேடு அழியாது. ஆறு வருடம் கழித்து மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, உயர்நிலைப் பள்ளிக் காலத்தில் எடுத்தவை உட்பட எல்லாக் கல்லூரிப் பாடங்களையும் காட்ட வேண்டும், அவை சராசரியிலும் சேரும். அதனால் முதல் பாடமாக வரலாறோ ஆங்கிலமோ எடுத்துப் பழகட்டும் என்பேன்.

வகுப்புக்குப் போகாமல் தேர்வு எழுதியே கல்லூரிக் கிரெடிட் வாங்கும் கிளெப், செலவு குறைந்த வழி. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அமைப்பு இலவசமாகப் பாடம் நடத்தி, முடித்தவர்களுக்குத் தேர்வுக் கட்டண வவுச்சரும் தருகிறது. டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் இந்தக் கிரெடிட் நன்றாகச் செல்லும். ஐவி லீக் எனப்படும் பழம்பெரும் தனியார் பல்கலைக்கழகங்கள் பக்கம் போகும் எண்ணமிருந்தால் செல்லாது.

பரிந்துரைக் கடிதத்துக்கு வருவோம். நம் குடும்பங்கள் யோசிக்காமல் போய் நிற்பது பாஸ்டரிடம். அவரும் மனமுவந்து எழுதித் தருவார்: நல்ல பையன், ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு வாசிக்கிறான், விபிஎஸ் என்ற விடுமுறை வேதாகமப் பள்ளியில் உதவினான். அது நடத்தைச் சான்று. கல்லூரி கேட்பது பாடம் நடத்திய, உறவினர் அல்லாத ஒருவரின் கடிதம். கோ-ஆப்பில் உயிரியல் எடுத்தவர், டூயல் கிரெடிட் பேராசிரியர், கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ் என்ற கிறிஸ்தவ ஹோம்ஸ்கூல் குழுவில் வாரந்தோறும் வகுப்பை நடத்தியவர் எழுதலாம். பத்தாம், பதினோராம் வகுப்பில் இப்படி ஒருவராவது பிள்ளையை ஓராண்டு பார்த்திருக்க வேண்டும்.

பாடத்துக்கு வெளியே என்றால், பேச்சு வரும் பிள்ளைகளுக்கு என்சிஎஃப்சிஏ, ஸ்டோவா என்ற இரண்டு கிறிஸ்தவ வாதப்போட்டி அமைப்புகள் இருக்கின்றன. ஹோம்ஸ்கூல் பிள்ளைகளுக்காகவே உருவானவை. நடுவர்களில் வெளியாட்களும் உண்டு, போட்டி கடுமை. டீன்பேக்ட் என்ற கிறிஸ்தவ அமைப்பு மாநிலத் தலைநகரில் நான்கு நாள் வகுப்பு நடத்தி, சட்டமன்றம் எப்படி இயங்குகிறது என்று பிள்ளைகளைச் செய்துபார்க்க வைக்கிறது. சபை ஊழியத்தையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். 'சபையில் ஊழியம்' என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது; 'தமிழ் எழுதத் தெரியாத சிறுவர்களுக்கு இரண்டாண்டு ஞாயிறு பள்ளி நடத்தினேன், பாடத்தாள்கள் நானே தயாரித்தேன்' என்றால் அதைப் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். விளையாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வரி: கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ 16 அடிப்படைப் பாடங்களைக் கேட்கிறது, வீட்டில் நடத்திய ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம் உண்டு.

கிறிஸ்தவப் பாடப்புத்தகம் பிள்ளைக்கு இடையூறாகுமா என்ற பயம் பலருக்கு இருக்கிறது, வெளியே கேட்கத் தயங்குகிறார்கள். பெரும்பாலான கல்லூரிகள் பதிப்பகத்தின் பெயரைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. கலிஃபோர்னியாவில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே சில கிறிஸ்தவப் புத்தகங்களைக் கொண்டு நடத்திய உயிரியல், வரலாறு, ஆங்கிலப் பாடங்களைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் ஏற்க மறுத்தது; கிறிஸ்தவப் பள்ளிகளின் சங்கம் 2005-இல் வழக்குத் தொடர்ந்தது. 2008-இல் தீர்ப்பு பல்கலைக்கழகத்தின் பக்கம், 2010-இல் மேல்முறையீட்டிலும் அப்படியே. போதாக்குறைக்கு அந்தப் பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு எஸ்ஏடியையும் இப்போது பார்ப்பதில்லை. அங்கே போக நினைக்கும் பிள்ளை அறிவியலைக் கம்யூனிட்டி கல்லூரியில் எடுத்துவிடுவது உத்தமம்.

பணவிஷயத்தில் வாட்ஸாப் குழுக்கள் பரப்பும் தவறான செய்தி ஒன்று இருக்கிறது: ஹோம்ஸ்கூல் பிள்ளை ஜிஇடி என்ற உயர்நிலைப் பள்ளி இணைத்தேர்வை எழுதாவிட்டால் அரசு உதவி கிடைக்காது என்பது. மாநிலச் சட்டப்படி வீட்டில் படித்து முடித்திருந்தால் போதும். மத்திய அரசின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்ஸா படிவத்திலேயே ஹோம்ஸ்கூல் என்று குறிக்க இடமிருக்கிறது. ஆனால் கல்லூரியைப் பொறுத்தும் இது மாறும். ஹோம்ஸ்கூல் குடும்பங்களின் மனதுக்குப் பிடித்த ஹில்ஸ்டேல், குரோவ் சிட்டி, பேட்ரிக் ஹென்றி ஆகிய மூன்றும் கொள்கையளவில் மத்திய அரசின் பணத்தைத் தொடுவதில்லை. அங்கே பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகையும் இல்லை, அரசுக் கடனும் இல்லை. அவர்களுடைய சொந்த உதவித்தொகை எவ்வளவு என்பதை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். டெக்சஸ் 2025-இல் நிறைவேற்றிய கல்விக் கணக்குச் சட்டப்படி 2026-27 கல்வியாண்டிலிருந்து ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் வரை கிடைக்க வழியிருக்கிறது, விண்ணப்பித்துத் தேர்வானால்.

வேதாகமக் கல்லூரிக்கோ சிறிய கிறிஸ்தவக் கல்லூரிக்கோ அனுப்புவதாக இருந்தால் அங்கீகாரத்தைப் பாருங்கள். பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் நெடுங்காலம் அங்கீகாரமே நாடாமல் இருந்து, 2017-இல்தான் தென்மாநில வட்டார அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. இன்னும் பெறாத சிறு கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படித்த கிரெடிட்டை வேறு கல்லூரிக்கு மாற்றுவதும், பிறகு நர்ஸிங், ஆசிரியர் உரிமம் வாங்குவதும் பெரிய பாடு.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களின் குடும்பத்துக்குத் தரப்படும் எச்-4 விசாவில் உள்ள பிள்ளைகளுக்கு ஃபாஃப்ஸா பொருந்தாது, எங்கே படித்தாலும். டெக்சஸில் பெற்றோர் ஓராண்டுக்கு மேல் குடியிருந்தால் உள்மாநிலக் கட்டணம் கேட்கலாம். வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வரித் தாக்கல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும் என்பதால் இடையில் மாணவர் விசாவுக்கு மாறும் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

ஊருக்குத் திரும்பும் யோசனை இருப்பவர்களுக்கு என் ஆலோசனை முற்றிலும் வேறு. அப்பா கையெழுத்திட்ட உயர்நிலைப் பள்ளி டிப்ளமோவை அமெரிக்கக் கல்லூரி ஏற்கும். சென்னையில் முதல் கேள்வியே "எந்த போர்டு?" என்பதுதான். அப்படிப்பட்ட வீடுகளில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அங்கீகாரமுள்ள இணையப் பள்ளியிலோ, கேம்பிரிட்ஜ் போன்ற தேர்வு வாரியத்திலோ சேர்த்துவிடுங்கள். கட்டணம் கட்டும் முன், அந்தச் சான்றிதழுக்கு இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணை என்ற சமநிலைச் சான்று கிடைக்குமா என்று அதை வழங்கும் அமைப்பிடமே எழுத்தில் கேட்டு, பதில் மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள்.