கசற்: பெட்டியா, அடுக்கா?

திருகோணமலையில் ஒரு சைக்கிள் கடையில் "பின் சில்லுக்குக் கசற் மாற்ற வேண்டும்" என்றேன். பின் சில்லில் சங்கிலி ஓடும் பற்சில்லுகளின் தொகுதியைத்தான் கசற் என்றேன். "பிறீவீல்தானே, தம்பி?" என்றார் கடைக்காரர். "ஓம்" என்றேன். வீட்டுக்கு வந்து பொதியைப் பிரித்தால், உட்புறம் புரி வெட்டிய ஏழு தட்டுப் பிறீவீல் ஒன்று இருந்தது. என் பந்தயச் சைக்கிளின் குடத்தில் அதைத் திருகப் புரியே கிடையாது. குற்றம் அவருடையதன்று; இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டோம்.

குடம் என்பது சில்லின் நடுப்பகுதி. மாட்டுவண்டிக் காலத்துச் சொல், சைக்கிளுக்கும் அப்படியே பொருந்துகிறது. மிதிப்பதை நிறுத்தினாலும் சில்லு சுழல்வதற்கு ஒரு பொறி வேண்டும். பிறீவீலில் அந்தப் பொறி பற்சில்லுகளோடு சேர்ந்தே இருக்கும். முழுவதையும் குடத்தில் திருகிப் பூட்டுவார்கள். கசற்றில் பொறி குடத்தின் பக்கம் போய்விடுகிறது. பற்சில்லுகள் வெறும் தட்டுகளாக, குடத்தின் தவாளிப்புகளில் ஒன்றன்பின் ஒன்றாக நழுவி உட்காரும். வெளியே ஒரு பூட்டுவளையம். ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1978இல் இந்த வகைக் குடத்தை டூரா ஏஸ் என்ற உதிரிப்பாக வரிசையில் கொண்டுவந்தது.

பெயருக்கு வருவோம். இலத்தீனில் 'கப்சா' என்றால் பெட்டி. சுருளேடுகளை வைக்கும் உருளைப் பெட்டிக்கும் அதுதான் பெயர். அதன் வழியில் வந்த பிரெஞ்சுச் சொல்லான 'கசெற்' சிறுபெட்டியைக் குறிக்கும். பணப்பெட்டியைக் குறித்துப் பிறகு பணத்தையே குறிக்கத் தொடங்கிய ஆங்கில 'காஷ்' என்பதும் இதே குடும்பம். அதை நம் 'காசு' பெற்ற பிள்ளை என்று மேடைகளில் சொல்வதுண்டு, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் காசிலிருந்து பிறந்தது வேறொரு 'காஷ்': ஆசிய நாடுகளின் சிறு நாணயங்களுக்கு ஐரோப்பியர் போர்த்துக்கேய மொழி வழியாக இட்ட பெயர். ஒலி ஒன்றானதால் உறவு கொண்டாடிவிட்டோம்.

பாட்டுக் கசற்றை 'ஒலிப்பேழை' என்றது நல்ல தமிழாக்கம்; அங்கே உண்மையில் ஒரு பெட்டியும் அதற்குள் நாடாவும் இருந்தன. அதை நம்பிச் சைக்கிளுக்குப் 'பற்பேழை' என்றால், பல்செட் வைக்கும் டப்பா நினைவுக்கு வருகிறது. இந்தக் கசற்றில் பெட்டியும் இல்லை, மூடியும் இல்லை. பெரிதின் மேல் சிறிதாக ஏறும் தட்டுகள், அடுக்குப்பானை போல. எனவே 'பற்சில்லடுக்கு' என்பதே என் தேர்வு. பேச்சில் 'அடுக்கு' போதும்.

இந்தச் சொல் அளவுகளையும் எளிதாக்குகிறது. 11-25 அடுக்கு என்றால் மிகச் சிறிய தட்டில் 11 பற்கள், மிகப் பெரியதில் 25. பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்து, மான்களைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது என் முழங்கால் கேட்டது 32. முன்னே மிதியோடு சுழலும் பற்சில்லில் 34 பற்கள் இருக்க, பின்னே 25ஐ மிதித்தால் மிதியின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.9 மீற்றர் நகரும், 32இல் 2.2 மீற்றர்தான். வேகம் குறையும், கால் பிழைக்கும்.

இலவசமாக எதுவும் வராது. பதினொரு தட்டுள்ள 11-25 அடுக்கில் 14, 15, 16, 17 என்று படிகள் நெருக்கமாக இருக்கும். 11-32இல் 14க்குப் பிறகு நேரே 16, பிறகு 18. நிலாவெளி வீதி தட்டையானது. அங்கே கச்சான் காற்று பக்கத்திலிருந்து அடிக்கும்போது, இல்லாத அந்த 15ஐத்தான் கால் தேடுகிறது. சங்கிலியைத் தட்டுக்குத் தட்டு நகர்த்தும் சங்கிலிமாற்றியின் கூடு குட்டையாக இருந்தால் 32 பற்களைத் தாங்காமலும் போகலாம். சங்கிலி நீளத்தையும் பார்க்க வேண்டும்.

கழற்றுவது பெரிய வேலையன்று. சங்கிலித் துண்டு பொருத்திய பிடியால் தட்டு சுழலாமல் பிடித்து, பூட்டுவளையத்தை இடப்பக்கம் திருகினால் அடுக்கு கையோடு வந்துவிடும். திரும்பப் பூட்டும்போது 40 நியூட்டன் மீற்றர் இறுக்கம். கடையில் 'அடுக்கு' என்று கேட்டுப் பாருங்கள். புதுச்சொல் பழகும் வரைக்கும் பின் சில்லையும் கழற்றிக் கையோடு கொண்டுபோவது நல்லது.