மச்சும் அடுக்களையும்: பழைய கணினிக்கு எந்த இயங்குதளம்?

கல்லிடைக்குறிச்சியில் மாமா வீட்டுத் தார்சாவில் ஒரு கணினி இருக்கிறது. 2014இல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சுவிட்சைப் போட்டால் வேலைக்கு வர ஐந்து நிமிடம் பிடிக்கும். "என்னடே, எடைக்குப் போட்டுரலாமா?" என்று கேட்டார். "வேண்டாம் மாமா, பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

பிறகு ஏன் இழுக்கிறது? அந்த வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். அத்தை சமைக்கும்போது அன்றைக்கு வேண்டிய சாமான் எல்லாம் கைக்கு எட்டுகிற மேடையில் இருக்கும். மூட்டையும் பானையும் மச்சில். மேடைதான் ரேம், மச்சுதான் ஹார்ட் டிஸ்க். மேடை நிறைந்துவிட்டால் ஒன்றை மச்சில் ஏற்றிவிட்டுத்தான் இன்னொன்றை இறக்க முடியும். விண்டோஸ் போன்ற இயங்குதளமும் ரேமை 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. இடம் போதாதபோது, கொஞ்ச நேரமாக யாரும் தொடாத பக்கங்களை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, கேட்கும்போது திரும்பக் கொண்டுவருகிறது. இதற்கு ஸ்வாப் என்று பெயர்.

ரேமில் ஒரு தகவலை எட்ட ஏறத்தாழ 100 நானோவிநாடி. ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழன்று, முனை இடம் தேடி நிற்க 10 மில்லிவிநாடி வரை ஆகும். ஒரு லட்சம் மடங்கு! மேடையில் இருக்கும் உப்பை எடுக்க ஒரு விநாடி என்றால், மச்சில் இருக்கும் உப்பு வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். மாமாவின் பெட்டிக்குள் டிஸ்க் கரகரவென்று சத்தம் போடுகிறதே, அது மச்சுக்கு ஏறி இறங்குகிற சத்தம்தான்.

அதனால் நான் முதலில் பார்ப்பது, சும்மா இருக்கும்போதே இயங்குதளம் மேடையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைத்தான். மாமாவின் கணினியில் விண்டோஸ் 10 கிட்டத்தட்ட 2 ஜிபி பிடித்திருந்தது. அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் பொதுவாக 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு அப்புறம் வந்த இன்டெல் பிராசசரும் கேட்கிறது. அப்டேட் வராத கணினியில் பேங்க் வேலை பார்ப்பதை நான் ஒப்ப மாட்டேன்.

மிச்சம் லினக்ஸ். லினக்ஸ் என்பது உண்மையில் கர்னல் மட்டும்தான், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கியது. ரேமையும் டிஸ்க்கையும் மேய்ப்பது அதுதான். நாம் கண்ணால் பார்க்கிற மெனு, ஜன்னல், ஐகான் எல்லாம் அதன்மேல் தனியாக உட்காரும் டெஸ்க்டாப். கர்னலை அப்படியே வைத்துக்கொண்டு டெஸ்க்டாப்பை மட்டும் மாற்ற முடியும் என்பதுதான் பழைய கணினிக்குக் கிடைத்த வரம். கர்னலும் டெஸ்க்டாப்பும் சேர்ந்த தொகுப்பான லினக்ஸ் மின்ட்டையே சினமன் டெஸ்க்டாப்போடும் எடுத்துக்கொள்ளலாம், அதைவிட எளிய எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்போடும் எடுத்துக்கொள்ளலாம். 4 ஜிபி ரேமுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். மாமாவுக்கு அது 1 ஜிபிக்குள் அடங்கியது. 2 ஜிபிதான் இருக்கிறது என்றால் லுபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பைப் பாருங்கள்.

ஆனால் ஒன்று: இயங்குதளத்தை மாற்றினாலும் பிரவுசர் மெலியாது. பத்து டேப் திறந்தால் மேடை மறுபடி நிறைந்துவிடும். அதனால் கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி போடுங்கள். அதில் சுழலும் தட்டே கிடையாது, மச்சு அடுக்களைப் பக்கம் இறங்கி வந்த மாதிரி.

பிடிக்குமா பிடிக்காதா என்று பார்க்க, டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி அதிலிருந்தே கணினியைக் கிளப்பலாம். அப்படி ஒரு நாள் மாமாவை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். வைஃபை கிடைத்தது, பிரிண்டர் பேசியது, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்ததும் தட்டச்சும் வந்தது. பாமினியில் அடித்த பழைய கடிதங்கள்தான் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்துப் போட்டதும் அவையும் சரியாகிவிட்டன.

நிறுவும்போது 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்று ஒரு கேள்வி வரும். அதை அழுத்தினால் பழையது எதுவும் மிஞ்சாது. அதனால் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டப் படங்களையெல்லாம் முதலில் வெளி டிஸ்க் ஒன்றில் ஏற்றினோம். நாலைந்தைத் திறந்து பார்த்துவிட்டு, "ம், இனி அழுத்துடே" என்றார் மாமா.