லெட்டர்கிரேப்: டச்சு மொழியின் அசை

டச்சு மொழியில் அசைக்கு, அதாவது ஆங்கிலத்தில் ‘சிலபிள்’ எனப்படும் ஒலித்துண்டுக்கு, ‘லெட்டர்கிரேப்’ என்று பெயர். ‘லெட்டர்’ எழுத்து, ‘கிரேப்’ பிடி. ‘சேர்த்துப் பிடித்தது’ என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல் இலத்தீன் வழியாக ஐரோப்பாவெங்கும் பரவியபோது, டச்சு அதன் கருத்தை எடுத்துக்கொண்டு சொந்தச் சொல்லைக் கட்டிக்கொண்டது. ‘சில்லாபே’ என்ற கடன்சொல்லும் அங்கே உண்டு.

தமிழில் இதற்கு ‘அசை’ என்பதே பொருத்தமான சொல். ‘புலித்தோலை அரைக்கசைத்து’ என்று சுந்தரர் தேவாரத்தில் வருகிறதே, அந்த ‘அசைத்தல்’ கட்டுதல்தான். அங்கே பிடி, இங்கே கட்டு. இந்த நெருக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நம் யாப்பில் இரண்டு குறில் சேர்ந்த ‘பட’ ஒரே நிரையசை. டச்சுக் கணக்கிலோ அது இரண்டு அசை.

டச்சில் தொகைச்சொற்களை இடைவெளியே விடாமல் சேர்த்து எழுதுவார்கள். பொருத்து எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. ‘க்வார்ட்ஸ்லாகன்’ என்ற சொல்லை ‘க்வார்ட்’, ‘ஸ்லாகன்’ என்று பிரித்தால் கால்வாசித் திருப்பங்கள். ‘க்வார்ட்ஸ்’, ‘லாகன்’ என்று பிரித்தால் குவார்ட்ஸ் பாறை அடுக்குகள். நம் பிரிமொழிச் சிலேடையைப் போலத்தான். வரி முடிவில் சொல்லை உடைக்கும்போது இந்தப் பொருத்தை மதித்தே உடைக்க வேண்டும் என்பது எழுத்து விதி. உயிரெழுத்துகள் மோதும் இடத்தில் பொருத்தை எழுத்திலேயே காட்டிவிடுகிறார்கள். கடல் வாத்தைக் குறிக்கும் ‘ஸே-ஏன்ட்’ என்ற சொல்லில் நான்கு ‘e’ எழுத்துகள் வரிசையாக நிற்கும். முன்பு மூன்றாவதன் தலையில் இரட்டைப் புள்ளி வைத்தார்கள். 1995 எழுத்துச் சீர்திருத்தம் அதை எடுத்துவிட்டு நடுவில் சிறுகோடு போட்டது. படிப்பவருக்கு இதுவே நல்லது.

பேச்சில் பொருத்தைக் காட்டுவதில் ‘கிளெம்டோன்’ என்ற அழுத்தத்துக்கும் பங்கு உண்டு. ‘கிளெம்’ இறுக்கிப் பிடிப்பது, ‘டோன்’ தொனி. ‘அழுத்தம்’ என்ற தமிழ்ச்சொல் இதற்குக் கச்சிதம். தொகைச்சொல்லில் பெரும்பாலும் முதல் உறுப்பே முதன்மை அழுத்தம் பெறும். அந்த உறுப்புக்குள் எந்த அசை என்பது அதன் தனி வழக்கைப் பொறுத்தது. உடல் பிடித்துவிடும் கட்டிலுக்கும் கூட்டுப் பிரார்த்தனைக்கும் டச்சில் எழுத்துக்கூட்டு ஒன்றே. கட்டில் என்றால் ‘மசாஷ-பெட்’, அழுத்தம் ‘சா’வில். பிரார்த்தனை என்றால் ‘மசா-ஹபெட்’, அழுத்தம் ‘ம’வில், ‘ஷ’ இருந்த இடத்தில் தொண்டையில் உரசும் ஒலி.

விதிக்கு அடங்காதவையும் உண்டு: நகர மன்றக் கட்டடமான ‘ஸ்டாட்ஹாய்ஸ்’ அழுத்தத்தை இரண்டாம் உறுப்பில்தான் வாங்குகிறது.