பில்லர் டிரில்லின் சக்கினைக் கழற்றுவதும் மாட்டுவதும்

பராமரிப்பு வேலையில் என் கைக்கு வந்த, பில்லர் டிரில் எனும் தூண் வைத்த துளையிடும் இயந்திரத்தின் பழுதான ஸ்பிண்டில்களில் (சுழலும் தண்டுகளில்) பல, உழைத்துத் தேய்ந்தவை அல்ல. சக் (துளையிடும் அலகைக் கவ்வும் பிடிப்பான்) கழலவில்லை என்று அதன் பக்கவாட்டில் சுத்தியலால் அடித்து வளைத்தவை. பெரும்பாலான பில்லர் டிரில்களில் சக்கைத் தாங்குவது திருகு அன்று. சக்கின் பின்புறக் குழியில் இறுகியிருக்கும் ஆர்பர் என்னும் இணைப்புத் தண்டின் மறுமுனை, ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் மோர்ஸ் டேப்பர் என்னும் கூம்புக் குழியில் உராய்வினால் மட்டுமே பிடித்து நிற்கிறது. 20 மி.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. விட்டம் குறையும் அந்தச் சிறு சரிவுதான் முழுப் பிடிமானமும்.

கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கைப்பிடியால் குவில்லை (ஸ்பிண்டிலைத் தாங்கி மேலும் கீழும் நகரும் குழாயை) இறக்கினால் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு திறப்பு தெரியும். ஸ்பிண்டிலைக் கையால் சுழற்றினால், உள்ளிருக்கும் திறப்பும் அதனோடு நேராகி, மறுபக்க வெளிச்சம் தெரியும். டிரிஃப்ட் என்னும் ஆப்பின் வளைந்த விளிம்பு மேலேயும் தட்டையான விளிம்பு ஆர்பரின் மேல்முனையில் உள்ள தட்டையான நாக்கின் மீதும் படும்படி நுழைத்து, ஒரே தட்டாகத் தட்ட வேண்டும். டேபிளை உயர்த்தி, மேலே ஒரு மரப்பலகையை வைத்து, சக் விழும் தூரத்தை இரண்டு விரற்கடைக்குள் சுருக்கிக்கொள்ளுங்கள். கையை அடியில் ஏந்திப் பிடிப்பவர்களை நான் அதட்டுவதுண்டு.

சில சிறிய இயந்திரங்களில் இந்தத் திறப்பே இராது. ஸ்பிண்டிலின் முனையே கூம்பாகி நேராகச் சக்கினுள் இறங்கியிருக்கும். அவற்றுக்கு டிரிஃப்ட் உதவாது. இரண்டு ஆப்புகளை எதிரெதிராகச் செருகிப் பிரிக்க வேண்டும்.

மாட்டும்போது நடக்கும் தவறுதான் ஆபத்தானது. ஒரு பட்டறையில், துருப்பிடிக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், ஆர்பரில் கிரீஸ் தடவி மாட்டியிருந்தார்கள். 12 மி.மீ. டிரில் அலகு தகட்டைத் துளைத்து வெளியேறும் கணத்தில் உலோகத்தைக் கவ்வித் தன்னைத்தானே கீழே இழுத்தது; டேப்பர் விடுபட்டு, சக் ஆட்டத்தோடு கழன்று விழுந்தது. நல்லவேளை, யார் மீதும் படவில்லை. எடுத்துப் பார்த்தபோது நாக்கு முறுக்கிக் கிடந்தது. அந்த நாக்கு சக்கைக் கழற்றுவதற்காக உள்ளதே தவிர, சுழற்சியைத் தாங்குவதற்கன்று. அது முறுக்கியிருந்தால் டேப்பர் வழுக்கியிருக்கிறது என்று பொருள்.

ஆகவே ஸ்பிண்டிலின் உட்புறத்தையும் ஆர்பரையும் தின்னரில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, பிறகு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் பிசிறு விரலுக்குத் தப்பாது. நாக்கைத் திறப்போடு ஒத்துப்போகும்படி திருப்பி, கையால் வேகமாக மேல்நோக்கிக் குத்தி உட்கார்த்துங்கள். அதன்பின் சக்கின் தாடைகளை முழுவதும் உள்ளே இழுத்துவிட்டு, மரத்துண்டின் மேல் குவில்லை இறக்கும் கைப்பிடியால் அழுத்துங்கள். தாடைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அழுத்தம் அவற்றின் நுனியில் விழும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் அந்த அடி ஸ்பிண்டில் பேரிங்குகளுக்கும் போகும்.

மேற்சொன்ன இயந்திரத்தில் புதிய ஆர்பரைப் பொருத்திய பிறகு, நேரான உருளைக் கம்பியொன்றைச் சக்கில் பிடித்து டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவி) வைத்தபோது முள் 0.2 மி.மீ. ஆடியது. சக் தரமற்றது என்றார் உரிமையாளர். மீண்டும் கழற்றிப் பார்த்ததில், ஆர்பரின் மேற்பகுதியில் முடியளவு இரும்புத் துணுக்கு ஒன்று நசுங்கி ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டித் துடைத்து மாட்டியதும் முள் 0.06 மி.மீ.க்குள் அடங்கியது.