அசால்ட்: கை வைத்தலும் கை ஓங்குதலும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் தமிழர் வீடுகளில் 'அசால்ட் கேஸ்' என்றால் என்னவென்று யாரும் கேட்பதில்லை. கேட்பது வேறு: "கூப்பிடாம உள்ள வந்தது அவன். போடா வெளியேன்னு தள்ளினோம், விழுந்தான். கேஸ் எப்படி நம்ம மேல?" விஷயம் சின்னது. வந்தவன் முந்திக்கொண்டு ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்திருப்பான். முந்தியவன் சொன்னதே உண்மை என்றாகிவிடாது. வழக்கு நடத்தலாமா என்று முடிவெடுப்பவர் அரசு வழக்கறிஞர். வீட்டுக்காரரும் தம் பங்குக்குப் புகார் கொடுக்கலாம். ஆனால் அசால்ட் என்பதை 'அடித்தல்' என்று மட்டும் புரிந்துகொண்டால், கொடுக்க வேண்டிய புகாரைக்கூடக் கொடுக்காமல் விட்டுவிடுவோம்.

சொல்லின் வேர் லத்தீன். 'அட்' என்றால் நோக்கி, 'சலிரே' என்றால் பாய்தல். இரண்டும் சேர்ந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சம்மர்சால்ட் என்ற குட்டிக்கரணத்திலும் இதே பாய்ச்சல்தான். தமிழ்நாட்டில் 'அசால்ட்டா முடிச்சிட்டான்' என்றால் அலட்டிக்கொள்ளாமல் முடித்தான் என்று பொருள். ஊரிலிருந்து புதிதாக வந்தவரிடம் அசால்ட் கேஸ் என்றால், சுலபமான கேஸ் போலிருக்கிறது என்று நினைத்தாலும் நினைப்பார்.

தென்னாப்பிரிக்காவில் இது ரோமன்-டச்சு மரபில் வந்த பொதுச் சட்டக் குற்றம், அதாவது எழுதி இயற்றிய சட்டத்தால் அல்லாமல் மரபாலும் தீர்ப்புகளாலும் நிலைத்த குற்றம். அதற்கு இரண்டு முகம். ஒருவர் உடல்மேல் சட்டவிரோதமாக, வேண்டுமென்றே பலத்தைச் செலுத்துவது ஒன்று. இதோ அடிக்கப்போகிறான் என்று அவரை நம்பவைப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு விரல்கூடப் பட வேண்டியதில்லை. நாளிதழ்த் தமிழில் வழங்கும் 'தாக்குதல்' முதல் முகத்தைத்தான் காட்டுகிறது. பேச்சுத் தமிழிலோ இரண்டுக்கும் சொல் தயாராக இருக்கிறது: கை வைத்தான், கை ஓங்கினான். என்னைக் கேட்டால் அசால்ட்டுக்குச் சரியான தமிழ், 'தாக்குதல் அல்லது தாக்க ஓங்குதல்'. கொஞ்சம் நீளம்தான், ஆனால் ஓட்டை இல்லை.

ஓட்டை எங்கே தெரியும் என்றால், வீட்டு வாசலில். குடித்துவிட்டு வந்த தூரத்து உறவுக்காரன் கேட்டைத் திறந்து உள்ளே வருகிறான், போகச் சொன்னால் போகவில்லை, ஆயாவின் முகத்துக்கு நேரே பாட்டிலை ஓங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். பேரன் தள்ளுகிறான், விழுந்தவனுக்கு மணிக்கட்டு முறிகிறது. அக்கம்பக்கத்தில் தீர்ப்பு உடனே வந்துவிடும்: "அவன் அடிக்கலையே தம்பி, நீதானே முதல்ல கை வச்சே." சட்டப்படி இந்தத் தீர்ப்புதான் தப்பு. போகச் சொன்ன பிறகும் நின்றது 1959ஆம் ஆண்டின் அத்துமீறல் சட்டப்படி ஒரு குற்றம். பாட்டிலை ஓங்கியபோதே அசால்ட்டும் நடந்துவிட்டது. வாக்குமூலத்தில் 'கலாட்டா பண்ணினான்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் இதெல்லாம் போய்விடும். எந்தக் கையில் பாட்டில், எவ்வளவு பக்கத்தில், போகச் சொன்னது யார் என்று எழுத வேண்டும்.

அப்புறம் பேரன் செய்ததற்கு என்ன பெயர்? நீதிமன்றத்தில் 'பிரைவேட் டிஃபென்ஸ்', ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'நூட்வியர்', அதாவது ஆபத்து நேரக் காப்பு. ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்துத் 'தனியார் பாதுகாப்பு' என்று எழுதிவிடக் கூடாது. இந்த ஊரில் அது மாதச் சந்தா வாங்கிக்கொண்டு அலாரம் அடித்தால் வரும் கம்பெனிக்காரர்களைத்தான் நினைவூட்டும். தமிழில் 'தற்காப்பு' இருக்கிறது: தன் + காப்பு. 'தற்காத்துத் தற்கொண்டாற் பேணி' என்று குறளிலேயே (56) வருகிறது. காவடிக்கு நேர்ந்துகொள்பவர் கையில் கட்டும் காப்பும் இதே சொல்தான். 'தன்' என்பதைத் தன் உடம்பு என்று மட்டும் சுருக்கிவிடாமல் இருந்தால் சரி. சட்டம் பிறர் உயிரையும் சொத்தையும் காப்பதையும் இதில் சேர்க்கிறது. 1967இல் வான் வைக் வழக்கில், திரும்பத் திரும்பத் திருட்டுப்போன கடைக்காரர் எச்சரிக்கைப் பலகை வைத்துத் துப்பாக்கிப் பொறி அமைத்தார். திருட வந்தவர் இறந்தார். சொத்தைக் காக்கவும் இந்த வாதம் செல்லும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். உயிர்வாழும் உரிமையை முன்வைக்கும் இன்றைய அரசியல் சட்டத்தின் கீழ் அதை அப்படியே நம்பி யாரும் பொறி வைக்கக் கூடாது.

தற்காப்புக்கு எல்லை உண்டு. தாக்குதல் நடந்துகொண்டோ நடக்கவோ இருக்க வேண்டும், பதிலடி தேவையானதாகவும் அளவோடும் இருக்க வேண்டும். கேட்டைத் தாண்டி ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்து அடித்தால் அது பழிவாங்கல். ஆனால் தற்காப்பு என்று குற்றம் சாட்டப்பட்டவர் நிரூபிக்க வேண்டியதில்லை. அது தற்காப்பு அல்ல என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபிப்பது அரசின் பாடு. கவனக்குறைவால் அசால்ட் என்ற குற்றமே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆபத்து என்று உண்மையாகவே நம்பித் தள்ளியவரிடம் குற்ற நோக்கம் இல்லை.

குற்றப் பத்திரிகையில் 'ஜிபிஹெச்' என்ற மூன்றெழுத்து இருந்தால் மட்டும் விஷயம் கனமானது: கொடுங்காயம் விளைவிக்கும் நோக்கோடு தாக்குதல். காயம் எவ்வளவு என்பதைவிட நோக்கத்தைத்தான் பார்ப்பார்கள், நோக்கத்தைக் கையில் இருந்த பொருளை வைத்தும் அளப்பார்கள். வெறுங்கையால் தள்ளியதும் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் ஷாம்பாக் என்ற சாட்டையை எடுத்து வீசியதும் ஒன்றல்ல. ஷாம்பாக் ஆஃப்ரிகான்ஸ்காரர் சொல் என்றுதான் நினைப்போம். பாரசீக 'சாபுக்' மலாய் வழியாகக் கேப் டவுனுக்கு வந்து அப்படி ஆனது. அதே சாபுக் உருது வழியாகத் தமிழுக்கு வந்தபோது சவுக்கு ஆயிற்று.