இதய ரத்தக்குழாய்க்கு எம்ஆர்ஐ: வேகம் கூடிவிட்டது, எல்லோருக்கும் தேவையா?

இதய ரத்தக்குழாயை எம்ஆர்ஐயில் படமெடுப்பது எங்களைப் போன்ற ரேடியாலஜிஸ்ட்டுகளுக்கு நெடுநாள் தலைவலி. குழாயின் அகலமே 2 முதல் 4 மில்லிமீட்டர். அதுவும் இதயத்தோடு துடிக்கும், மூச்சோடு மேலும் கீழும் போய்வரும். பழைய முறையில், மூச்சு வெளியே போய் உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசை) குறிப்பிட்ட இடத்துக்கு வரும் நேரத்துத் தகவலை மட்டும் மெஷின் வைத்துக்கொள்ளும். பாதிக்கு மேல் வீண்தான். 10 நிமிடம் என்று சொல்லி உள்ளே அனுப்பினால் 20 ஆகும். நடுவில் அசந்து தூங்கிவிட்டால் மூச்சின் போக்கு மாறி, படமே கலங்கிவிடும்.

இப்போதைய வேகம் எம்ஆர்ஐ மெஷினில் உள்ள காந்தத்தைப் பெரிதாக்கி வந்ததல்ல. ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தைச் சின்னதாக ஒரு படமெடுத்து, எவ்வளவு நகர்ந்தது என்று கணினி கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்கிறது. எதையும் தூக்கியெறிய வேண்டாம். கூடவே, தகவலில் ஒரு பங்கை மட்டும் எடுத்து மீதியைக் கணக்காலேயே மீட்கிறார்கள். 2006 வாக்கில் கணிதக்காரர்கள் போட்ட அஸ்திவாரம் அது. பிறகு செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டது. இந்த வசதியுள்ள இடங்களில் குழாய்ப் படம் மட்டும் 10 நிமிடத்துக்குள் முடிகிறது. எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடிகிறது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

"சிடில ரேடியேஷனாமே, எம்ஆர்ஐயே எடுத்துடுங்க டாக்டர்" என்பவர்களுக்கு: சிடி ஆஞ்சியோ, அதாவது சிடி ஸ்கேனில் ரத்தக்குழாயைப் படமெடுப்பது, சில நொடிகளில் முடியும், படமும் இன்னும் துல்லியம். ஸ்டென்ட் (அடைப்பை விரித்து வைக்கும் உலோக வலைக்குழாய்) வைத்தவருக்கு எம்ஆர்ஐ செய்யலாம், ஆனால் ஸ்டென்டின் உள்பக்கம் கறுப்பாகத்தான் தெரியும். சிறுநீரகம் பழுதாகி, சிடி ஆஞ்சியோவுக்குத் தேவையான அயோடின் மருந்து ஏற்றத் தயங்குபவர்கள், பிறவியிலேயே குழாய் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டிய பிள்ளைகள், இவர்களுக்குத்தான் எம்ஆர்ஐயை யோசிப்பேன். நெஞ்சை இப்போதே அழுத்தி வியர்த்துக் கொட்டுகிறதென்றால் எந்த ஸ்கேனுக்கும் வரிசையில் நிற்காதீர்கள்; 108க்கு போன் போட்டு, வடசென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை மாதிரி அவசரப் பிரிவு உள்ள இடத்துக்குப் போங்கள். அங்கே முதலில் இசிஜிதான்.

வடசென்னைக்காரர்களிடம் நான் தவறாமல் கேட்பது: வெல்டிங், கிரைண்டிங், லேத் வேலை பார்த்தீர்களா? கண்ணில் இரும்புத் தூள் பட்டதுண்டா? "அது எந்தக் காலத்திலயோ சார்" என்பார் கொருக்குப்பேட்டைப் பெரியவர் ஒருவர். அந்தத் தூள் இன்னும் உள்ளே இருந்தால் காந்தம் அதை அசைத்துப் பார்வையையே கெடுக்கலாம். சந்தேகமிருந்தால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே. அம்மாக்களிடம் தாலிச் சரட்டில் கோத்த ஊக்குகள் இருக்கும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஊக்கை இழுக்கும். நகைகளோடு அவற்றையும், கூடவே அரைஞாணையும் தாயத்தையும், வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தால் எங்களுக்கு வேலை சுலபம்.